மேலாளர் திட்டுவதே இல்லை, ஆனாலும் ஞாயிறு மாலையே வயிறு கலங்குகிறது

கணக்கு_கோவை கேட்டது:

கோவையில் ஒரு வரி ஆலோசனை அலுவலகத்தில் ஆறு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். புது மேலாளர் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. அதனாலேயே வீட்டில் சொன்னால் எடுபடவில்லை.

போன மாதம் ஒரு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குப் படிவம், தயாராக இருந்தது. 19ஆம் தேதி மாலை மேலாளர் என் மேசைக்கு வந்து, "இன்னும் ரெண்டு பில் வரணும், நான் சொல்ற வரைக்கும் போடாதீங்க" என்றார். 23ஆம் தேதி, பதினான்கு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், "20க்குள் போட வேண்டியதை ஏன் போடவில்லை? நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணத்தை யார் கட்டுவது?" என்று கேட்டார். மொத்தமே 150 ரூபாய்தான். நேரில் போய்க் கேட்டேன். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே. வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா? ஞாபகம் தப்புதே" என்றார், அவ்வளவு கனிவாக. அந்தக் கனிவுதான் என்னைப் பயமுறுத்துகிறது. இப்போது எதையும் மூன்று தடவை திறந்து பார்க்காமல் அனுப்ப முடிவதில்லை.

இது கொடுமையா, இல்லை நான்தான் தொட்டாச்சிணுங்கியா?

திருப்பூர்_அக்கா:

கொடுமைதான் தங்கச்சி. உன் ஞாபகத்தையே உன்னைச் சந்தேகப்பட வைக்கிறார், அதைவிட என்ன வேண்டும்? எனக்கும் ஒரு மில் அலுவலகத்தில் இதே கதை, இரண்டு வருடம். வாய்வழியாக ஏதாவது சொல்லிவிட்டுப் போனால் பத்து நிமிடத்துக்குள் மெயில் போடு: "நீங்கள் சொன்னபடி இதை நிறுத்தி வைத்திருக்கிறேன்." "எதுக்கு மெயில்?" என்று கேட்டால், "மறந்துடக் கூடாதுன்னுதான் சார்" என்று சொல். அப்புறம் வீட்டில் ஒரு நோட்டு வைத்துக்கொள். தேதி, நேரம், அவர் சொன்ன அதே வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாம் எழுது. அலுவலகக் கணினியில் வேண்டாம்.

தூக்கம் கெட்டிருந்தால் 14416க்குப் பேசு. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பழைய_தொழிற்சங்கத்தான்:

சட்டத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. பணியிடத்தில் பெண்களின் பாதுகாப்புக்கான 2013ஆம் வருடச் சட்டம் பாலியல் தொந்தரவுக்கு மட்டும்தான். இந்த மாதிரி மன உளைச்சலுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் வருட உடன்படிக்கை, மனதுக்கு இழைக்கும் தீங்கையும் பணியிட வன்முறையில் சேர்த்திருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்டது அற்ப விஷயம் இல்லை.

விலகுவது என்று முடிவெடுத்தால், கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் நீங்களாக விலகினாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கில். அதை விட்டுவிட்டு வராதீர்கள்.

கணக்கு_கோவை:

அக்கா, நேற்று முதல் மெயிலை அனுப்பினேன். கை நடுங்கியது. ஒரு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம், "சரி, அதை இன்றே போட்டுவிடுங்கள்" என்று எழுத்தில் வந்தது. எட்டு மாதத்தில் அவர் எனக்கு எழுத்தில் கொடுத்த முதல் உத்தரவு. அதை அச்செடுத்து வீட்டு நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.