பட்டாம்பூச்சிப் படங்கள் எல்லாம் மங்கல், லென்ஸ் போய்விட்டதா? அவசர உதவி

சிறகடி: வணக்கம். நேற்று ஓர் உள்ளரங்கப் பட்டாம்பூச்சித் தோட்டத்தில் 300 படங்களுக்கு மேல் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. பால் கலந்த தண்ணீர் வழியாகப் பார்ப்பதுபோல் வெளிறிக் கிடக்கின்றன. நாளை மறுநாள் திரும்பப் போகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

புல்நுனி: என்ன லென்ஸ்? ஷட்டர் வேகம், அபர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு) எவ்வளவு? ஒரு படமாவது போடுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

ஒளிக்கீற்று: கை நடுக்கம்தான், சந்தேகமே வேண்டாம். கிட்டப்போகப் போக நடுக்கமும் பெரிதாகும். ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசர் போட்ட ஃபிளாஷ் ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீரும்.

கருப்புவெள்ளை: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் என்ன? பூச்சியை அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) பதித்தால், அபர்ச்சரை எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழுவது சுமார் 1 மில்லிமீட்டர் ஆழம்தான். பாதி அளவில் எடுத்தால் 3 மில்லிமீட்டர் வரை கிடைக்கும். சிறகு சென்சாருக்கு இணையாக இருக்கிற மாதிரி நில்லுங்கள், கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். இது அடிப்படைப் பாடம்.

சிறகடி: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கிட்டத்தில் எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், ஷட்டர் 1/320, அபர்ச்சர் எஃப் 8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600. மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். வாசலுக்கு வெளியே எடுத்தவை பளிச்சென்று இருக்கின்றன. உள்ளே போனதும்தான் இப்படி.

ஈரக்காற்று: ஃபோகஸ் தப்பினால் ஓரிடமாவது கூர்மையாக இருக்கும். இதில் எங்கேயும் இல்லை, விளக்கைச் சுற்றிப் புகை வளையம் வேறு. முதல் படத்தைவிடக் கடைசிப் படம் கொஞ்சம் தெளிவு, பார்த்தீர்களா? எனக்கு இது ஆவி படிந்ததாகத்தான் தெரிகிறது. உள்ளே போகும் முன் கேமரா எங்கே இருந்தது?

சிறகடி: காரில், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் லென்ஸைத் துணியால் நாலைந்து தடவை துடைத்தேனே!

ஈரக்காற்று: அதேதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்க்கிறதல்லவா, உங்கள் லென்ஸ் கண்ணாடிக்கும் அதுதான் நடந்தது. அந்தத் தோட்டங்களைப் பூச்சிகளுக்காகச் சூடாகவும் ஈரமாகவும் வைத்திருப்பார்கள். லென்ஸின் முன்னால் திருகும் யுவி ஃபில்டர் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? அதன் பின்பக்கம் படிந்ததை நீங்கள் எத்தனை தடவை துடைத்தாலும் துணி எட்டாது. அடுத்த முறை கேமராவைக் காற்றுப் புகாத பையில் மூடியபடியே உள்ளே கொண்டுபோய், அரை மணி நேரம் சூடேறவிட்டு அப்புறம் திறங்கள். உள்ளே லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள், சென்சாரிலும் படிந்துவிடும்.

கருப்புவெள்ளை: இவ்வளவு பாடு எதற்கு? வீட்டில் வளர்த்த பூச்சியைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் ஆடாமல் அசையாமல் உட்காரும். நிதானமாக எடுக்கலாம்.

தும்பி: தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பட்டாம்பூச்சிக்கு உடம்பு சூடேறினால்தான் பறக்க முடியும். குளிரில் விறைத்த பூச்சி ஆபத்து வந்தாலும் தப்ப முடியாமல் கிடக்கும். படமும் பொய்யாகத்தான் இருக்கும்: கால் இலையைப் பற்றியிருக்காது, உணர்கொம்பு சரிந்திருக்கும்.

கருப்புவெள்ளை: குளிர் போனதும் பறந்துவிடுகிறது. இதில் என்ன பாவம்?

தும்பி: பறப்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? காத்திருந்தால் அது தானாகவே உட்காரும். அழுகிய வாழைப்பழத் தட்டின் பக்கத்தில் நில்லுங்கள். நீல மார்ஃபோ என்ற பட்டாம்பூச்சி சிறகை மூடிக்கொண்டு உட்கார்ந்து, சுருட்டிய உறிஞ்சுகுழலை நீட்டிப் பழத்தின் கருத்த இடத்தை மெல்லத் துழாவும். மூடிய சிறகில் நீலமே தெரியாது, பழுப்பில் வரிசையாக வட்டக் கண்கள்தான். அந்த நேரத்தில் ஒரு சாண் தூரம்வரை போகலாம், உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக் கூடாது.

ஒளிக்கீற்று: மார்ஃபோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நீலம் சாயம் இல்லை, செதில்களின் நுண்ணிய அமைப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. கோணம் மாறினால் மங்கிவிடும். அதற்காகவாவது ஃபிளாஷ்...

புல்நுனி: ஃபிளாஷை விடுங்கள். சில தோட்டங்களில் அனுமதியே கிடையாது. சிறகடி, ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தீர்களா?

சிறகடி: போய் வந்தேன். ஃபில்டர்தான். கழற்றினால் பின்பக்கம் முழுக்கக் காய்ந்த நீர்த்தடம். பையில் மூடி அரை மணி நேரம் காத்திருந்தேன், 40 படங்கள் தேறின. ஒன்றில் குழல் நுனியில் நின்ற சாற்றுத் துளிகூடத் தெரிகிறது. எல்லோருக்கும் நன்றி.

தும்பி: அந்தத் துளிப் படத்தை இங்கே போடுங்களேன்.