பிரெக்கன் – ராட்னர்ஷயர் தொகுதி: தலைக் கணக்கா, நிலக் கணக்கா?

நெடுங்கேணி ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வவுனியா வடக்கில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பித்து வருகிறேன். பிரித்தானியாவின் ஒற்றை உறுப்பினர் தொகுதி முறையை விளக்கும்போது நான் எடுக்கும் உதாரணங்கள் பெரும்பாலும் இலண்டனோடு நின்றுவிடுகின்றன. சென்ற கிழமை ஒரு மாணவி எழுந்து, "சேர், எங்கட இடம் மாதிரிக் காடும் வயலும் ஆடு மாடுமாக் கிடக்கிற இடத்துக்கு அங்கை ஆர் எம்.பி.? ஆக்கள் குறைஞ்ச இடத்தை என்னெண்டு கணக்குப் பார்ப்பினம்?" என்று கேட்டபோது என்னிடம் தகுந்த பதில் இருக்கவில்லை.

தேடிப் பார்த்ததில் வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் இருந்த 'பிரெக்கனும் ராட்னர்ஷயரும்' என்ற தொகுதி கண்ணிற் பட்டது. ஏறக்குறைய 3,000 சதுர கிலோமீற்றர் பரப்புடன், இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்த்துப் பார்த்தால் பரப்பளவில் அதுவே மிகப் பெரிய தொகுதியாக இருந்திருக்கிறது. ஆயினும் 2024 பொதுத் தேர்தலுக்கு முன்னர் அது இல்லாமற் போய்விட்டது. அது எவ்வாறு உருவானது, ஏன் நீக்கப்பட்டது, அதன் இடைத்தேர்தல்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் வகுப்பில் பயன்படுத்திக்கொள்வேன்.

கனகராயன் கரை எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பழைய தேர்தல் முடிவுகளை வாசிப்பதே எனக்குப் பொழுதுபோக்கு என்பதால், பதில் சற்று நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகுதியின் வேர் 1536ஆம் ஆண்டில் இருக்கிறது. எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் வேல்ஸ் நாட்டை இங்கிலாந்தின் சட்ட ஒழுங்குக்குள் கொண்டுவந்த சட்டம், அதுவரை எல்லைப்புறப் பிரபுக்களின் ஆட்சியில் இருந்த நிலங்களை ஒன்றிணைத்துப் பிரெக்கன்ஷயர், ராட்னர்ஷயர் முதலிய புதிய மாவட்டங்களை உருவாக்கியது. இவ்விரண்டில் ஒவ்வொன்றுக்கும் மாவட்டத்தின் பேரில் ஓர் உறுப்பினரும் அதன் நகரங்களின் பேரில் ஓர் உறுப்பினரும் வழங்கப்பட்டனர். அப்போது எவரும் ஆட்களை எண்ணிப் பங்கிடவில்லை. மாவட்டம் என்றால் அதற்கு ஓர் ஆசனம், அவ்வளவுதான்.

நகரங்கள் என்று சொன்னாலும் அவை நமது மாங்குளம் சந்தியை நினைவூட்டும் அளவிலான சந்தை ஊர்கள். அத்தகைய ராட்னர் நகரத் தொகுதியைத்தான் நிதியமைச்சராக இருந்த ஜோர்ஜ் கோர்ன்வால் லூயிஸ் பிரதிநிதித்துவப்படுத்தினார். 1868இல் லங்காஷயரில் தோற்ற ஹார்டிங்டன் பிரபுவும் 1869இல் இங்கே வந்து ஆசனம் பெற்று, 1880 வரை அதை வைத்திருந்தார். வேறிடத்தில் தோற்ற பெரிய தலைவருக்குச் சிற்றூர்த் தொகுதி கைகொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான்.

1885இல் பிரெக்கன், ராட்னர் ஆகிய இரண்டு நகர ஆசனங்களும் நீக்கப்பட்டு, மாவட்டத்துக்கு ஒன்றாக இரண்டு ஆசனங்கள் எஞ்சின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராட்னர்ஷயர் முழுவதிலும் 23,000 பேர் அளவிலேயே வாழ்ந்தனர். அத்தனை பேருக்கு ஒரு தனி உறுப்பினர் என்பது நீடிக்கக்கூடியதன்று. 1918ஆம் ஆண்டின் சீரமைப்பில் இரு மாவட்டங்களும் ஒரே தொகுதியாக்கப்பட்டன. பிரெக்கன்ஷயரின் உறுப்பினராக இருந்த லிபரல் கட்சியின் சிட்னி ரொபின்சன் போட்டியின்றியே புதிய தொகுதியின் முதலாவது உறுப்பினரானார்.

பின்னர் அங்கே போட்டி கடுமையானது. தெற்கில் இஸ்த்ராட்கின்லைஸ் பக்கம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். வடக்கிலும் நடுவிலும் மலைச்சரிவுகளில் செம்மறி வளர்க்கும் விவசாயிகள். சந்தை ஊர்களில் வணிகர்களும் பழைய லிபரல் மரபைக் கைவிடாத தேவாலயச் சபையினரும். இம்மூவரும் மூன்று கட்சிகளைத் தாங்கியதால் தொகுதி மூன்று பக்கமும் இழுபட்டது. 1929இல் தொழிற்கட்சியின் பீட்டர் ஃப்ரீமன் 187 வாக்குகளால் மட்டுமே வென்றார். 1939இல் இடைத்தேர்தல் ஒன்றின் மூலம் தொழிற்கட்சி மீண்டும் பிடித்து, 1945 முதல் 1970 வரை டியூடர் வாட்கின்ஸ், பின்னர் 1979 வரை கேர்வின் ரொடரிக் எனத் தொடர்ந்து நாற்பது ஆண்டுகள் வைத்திருந்தது. 1979இல் பழமைவாதக் கட்சியின் டொம் ஹூசன் அதைக் கைப்பற்றினார்.

1983இல் எல்லை மாறியபோது பிரின்மோர் போன்ற தொழிலாளர் ஊர்கள் தொகுதியிலிருந்து வெட்டப்பட்டன. தொழிற்கட்சி பின்னர் அங்கே எழாமற் போனதற்கு இதை முதன்மையான காரணமாகக் கொள்கிறேன். வேட்பாளரை விட எல்லைக்கோடு வலியது என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இடையில் ஒரு சிறு விலகல். ராட்னர்ஷயரின் ரயாடர் ஊருக்கு மேலே ஏலான் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டி, 1904 முதல் ஏறக்குறைய 118 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பர்மிங்காம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். குளத்துக் கீழ் வயல் செய்யும் நமக்கு, மழை விழும் நிலம் ஒன்று, தண்ணீர் போகும் ஊர் வேறொன்று என்பது உறுத்தும். ஆள் குறைந்த தொகுதியின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

சந்திக் கடை எழுதியது:

கனகராயன் ஐயா இடைத்தேர்தல்களை எனக்கு விட்டுவைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஹூசன் பதவியில் இருக்கும்போதே இறந்ததால் 1985 ஜூலை 4 அன்று இடைத்தேர்தல் நடந்தது. வாக்களிப்புக்கு முன்னர் வந்த ஒரு கருத்துக்கணிப்பு தொழிற்கட்சிக்குப் பெரும் முன்னிலை காட்டியது. வென்றவரோ லிபரல் கட்சியின் ரிச்சர்ட் லிவ்சி, 559 வாக்குகளால். 1987 பொதுத் தேர்தலில் அவருடைய பெரும்பான்மை 56 ஆகச் சுருங்கியது. 1992இல் பழமைவாதக் கட்சியின் ஜொனதன் எவன்ஸ் அவரை 130 வாக்குகளால் தோற்கடித்தார். 1997இல் லிவ்சி மீண்டும் வந்தார். ஆயிரக்கணக்கான சதுர கிலோமீற்றரில் சிதறிக்கிடக்கும் ஒரு தொகுதியின் தீர்ப்பை ஒரு குக்கிராமத்தின் வாக்குகள் மாற்றிவிடக்கூடிய நிலை அது.

ஆனால் வகுப்புக்கு மிகவும் பயன்படக்கூடியது 2019ஆம் ஆண்டுக் கதை. 2015 முதல் உறுப்பினராக இருந்த பழமைவாதக் கட்சியின் கிறிஸ் டேவிஸ், செலவுக் கோரிக்கையில் பொய்யான பற்றுச்சீட்டுகள் சமர்ப்பித்தமைக்காக நீதிமன்றத்தில் குற்றவாளியானார். 2015ஆம் ஆண்டின் மீளழைத்தல் சட்டத்தின்படி, இத்தகைய குற்றத்தீர்ப்பு வந்தால் ஆறு வாரங்களுக்கு ஒரு மனு திறந்து வைக்கப்படும். பதிவுசெய்த வாக்காளர்களில் 10 சதவீதத்தினர் ஒப்பமிட்டால் ஆசனம் வெற்றிடமாகும். அங்கே 10,005 பேர், அதாவது ஏறக்குறைய 19 சதவீதத்தினர், ஒப்பமிட்டனர். பதவி இழந்தவர் மீண்டும் போட்டியிட சட்டம் தடைசெய்யவில்லை என்பதால் டேவிஸே மீண்டும் நின்றார். வேல்ஸ் தேசியக் கட்சியும் பசுமைக் கட்சியும் வேட்பாளரை நிறுத்தாமல் ஒதுங்கிக்கொள்ள, ஓகஸ்ட் 1 அன்று லிபரல் ஜனநாயகக் கட்சியின் ஜேன் டொட்ஸ் 1,425 வாக்குகளால் வென்றார். பொரிஸ் ஜோன்சன் பிரதமராகி ஒரு கிழமை அளவே ஆகியிருந்த நிலையில், அவருடைய அரசின் செயற்பாட்டுப் பெரும்பான்மை ஒற்றை ஆசனமாகக் குறைந்தது. அதே டிசம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் பழமைவாதக் கட்சியின் ஃபே ஜோன்ஸ் தொகுதியைத் திருப்பிப் பெற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகிவிடும்.

முத்தையன்கட்டு எழுதியது:

நீக்கப்பட்ட காரணத்தை நான் சொல்கிறேன்; அது வெறும் கணக்குத்தான். பிரித்தானியாவின் புதிய சட்டப்படி ஒரு தொகுதியின் சராசரி வாக்காளர் தொகை 73,393 என்று கணக்கிடப்பட்டு, அதிலிருந்து 5 சதவீதம் மட்டுமே கூடவோ குறையவோ அனுமதி கிடைத்தது. அதாவது கீழெல்லை 69,724. பிரெக்கன் – ராட்னர்ஷயரில் 2019இல் இருந்தவர்கள் 53,000 பேர் அளவில். பதினாறாயிரம் பேருக்கு மேல் பற்றாக்குறை. வேல்ஸின் ஆசனங்கள் 40இலிருந்து 32ஆகக் குறைந்தபோது, தெற்கே நீத் தொகுதியிலிருந்து தாவே பள்ளத்தாக்கின் ஊர்களைச் சேர்த்து 'பிரெக்கன், ராட்னர், கும் தாவே' என்ற புதிய தொகுதியை வரைந்தார்கள். 2024இல் அதை லிபரல் ஜனநாயகக் கட்சியின் டேவிட் சாட்விக் வென்றார்.

விதிவிலக்குப் பெற்றவை ஐந்தே தொகுதிகள்; ஐந்தும் தீவுகள். ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளில் 21,000 வாக்காளர் அளவில் இருந்தும் அது தனித் தொகுதியாகவே நிற்கிறது. இவை தவிர, 12,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புள்ள தொகுதிக்குக் கீழெல்லையில் ஒரு தளர்வு உண்டு. 3,000 சதுர கிலோமீற்றர் அதற்குக் கிட்டவும் வராது. கடல் பிரித்தால் தூரம், மலை பிரித்தால் தூரமில்லை என்ற இந்தத் தர்க்கம் எனக்கு விளங்கவில்லை.

ஆயினும் நிலத்துக்காக மட்டும் பரிந்து பேசுவதும் சரியன்று என்று கருதுகிறேன். ஆட்களை எண்ணாமல் இடத்தை மட்டும் மதித்த காலத்தில்தான், குடியிருப்பென்று சொல்ல எதுவும் எஞ்சாத ஓல்ட் சாரம் என்ற மேட்டுநிலம் 1832 வரை இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. ஆகவே மாணவியின் கேள்விக்கு "நிலத்தையும் எண்ண வேண்டும்" என்று உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், ஐயா.

நெடுங்கேணி ஆசிரியர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஓல்ட் சாரம் எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு தொடர்கேள்வி: பிரித்தானியர் நமக்கு விட்டுச்சென்ற சோல்பரி யாப்பில் நிலப்பரப்புக்கும் ஆசனம் வழங்கப்பட்டதாகப் படித்த நினைவு. தங்கள் நாட்டில் செய்யாததை இங்கே செய்தார்களா?

கனகராயன் கரை எழுதியது:

ஆம், செய்தார்கள். ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்பதோடு, ஒவ்வோர் 1,000 சதுர மைலுக்கும் மேலும் ஓர் உறுப்பினர் என்பது விதி. 1947இல் தெரிவுசெய்யப்பட்ட 95 பேரில் 25 பேர் இந்த நிலக் கணக்கில் வந்தவர்கள். ஆள் குறைந்த மாகாணங்களும் அங்கே வாழும் சிறுபான்மையினரும் எண்ணிக்கையில் அமிழ்ந்துபோகாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. வடமாகாணத்தின் ஒன்பது தொகுதிகளுள் மன்னார், வவுனியா ஆகிய இரண்டும் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதியை மூடின. ஏனைய ஏழும் யாழ்ப்பாணப் பக்கம். முல்லைத்தீவு அப்போது வவுனியாத் தொகுதிக்குள்தான் இருந்தது. 1977இல்தான் தனித் தொகுதியானது.

இடைத்தேர்தலுக்கும் நமது வவுனியா சளைத்ததன்று. 1947இல் தெரிவான செ. சுந்தரலிங்கம் எதிர்ப்புக் காரணங்களுக்காக 1951இலும் 1955இலும் ஆசனத்தை இழந்தார். தேசியக்கொடி ஒரு காரணம், மொழிப் பிரச்சினை மற்றொன்று. இரண்டு முறையும் இடைத்தேர்தலில் மக்கள் அவரையே திருப்பி அனுப்பினார்கள். பின்னர் 1960 மார்ச்சில் தா. சிவசிதம்பரத்திடம் தோற்றார்.

சந்திக் கடை எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. 1978ஆம் ஆண்டு யாப்பின் கீழ் நிலக் கணக்கு போய், மாகாணத்துக்கு நான்கு ஆசனம் என்ற வடிவில் அதன் சாயல் மட்டும் எஞ்சியது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாயின. ஏறக்குறைய 6,500 சதுர கிலோமீற்றர், இன்று மூன்று இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்காளர், ஆறு உறுப்பினர். வெற்றிடம் ஏற்பட்டால் அதே கட்சியின் பட்டியலில் அடுத்த விருப்பு வாக்குப் பெற்றவர் உள்ளே வருவார் என்பதால், பிரெக்கன் மக்களுக்கு 2019இல் கிடைத்த அந்த ஓகஸ்ட் நாள் வன்னி வாக்காளருக்குக் கிடைக்காது. நமது முறையில் ஒரு கட்சிக்கு விழும் சிறுபான்மை வாக்கு அவ்வளவாக வீணாகாது என்ற நன்மையையும் அருகிலேயே எழுதிக்காட்டுங்கள்.

நெடுங்கேணி ஆசிரியர் எழுதியது:

நன்றி. இனிமேல் கரும்பலகையில் இரண்டு வரைபடங்கள் வரையலாம். அப்போது பிள்ளைகள் கட்டாயம் கேட்கப்போவது ஒன்று: கிளிநொச்சி வன்னி நிலம்தானே, அது ஏன் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் இல்லை?

முத்தையன்கட்டு எழுதியது:

கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி நிர்வாக மாவட்டமானது. தேர்தல் மாவட்ட எல்லைகள் அதற்கு முன்னரே வரையப்பட்டுவிட்டன. அதனால் இன்றும் அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு தொகுதியாகவே எண்ணப்படுகிறது. பிரின்மோரில் நடந்தது இதற்கு நேர்மாறு: 1974இல் அந்த ஊர் பிரெக்கன்ஷயரிலிருந்து குவென்ட் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது, ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தொகுதியின் எல்லையும் அதன் பின்னாலேயே போனது.