ஐமடியமா, ஐம்மடியமா? மலட்டுக் களைக்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய அன்பர்களுக்கு,

உயர்தர மாணவர்களுக்கான உயிரியல் பயிற்சி ஏட்டை வெள்ளிக்கிழமை யாழ்ப்பாண அச்சகமொன்றுக்குக் கொடுக்க வேண்டியுள்ள நிலையில், ஒரே வாக்கியம் என்னை மூன்று நாளாக மறித்து நிற்கின்றது. பிரேசிலிலிருந்து பரவி, 1939 இல் இலங்கைக்குள் கொண்டுவரப்பட்ட சல்வீனியா என்னும் நீர்ப்பன்னத்தில் 45 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) உள்ளன. அடிப்படை எண், அதாவது ஒரு தொகுதியிலுள்ள நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை, 9 ஆகையால் இவை ஐந்து தொகுதிகள். நிறமூர்த்த எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவில் ஒழுங்காகச் சோடி சேர முடியாமையால், பன்னங்கள் இனம்பெருக்க உண்டாக்கும் நுண்ணிய வித்திகள் உருக்குலைகின்றன. ஆயினும் முறிந்த துண்டுகள் தனிச்செடிகளாகிக் குளத்தை மூடிவிடுகின்றன. இதனை 'மலட்டு ஐமடியம்' என எழுதியுள்ளேன். பொருந்துமா?

ரீச்சர் அவர்களுக்கு,

பொருந்தாது. ஐந்தும் மூன்றும் சேர்ந்து 'ஐம்மூன்று' ஆவது போல, மகரம் வருமிடத்தில் 'ஐம்மடியம்' என்பதே முறை. 'மடி' என்பதிலும் எனக்கு நிறைவில்லை. வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரமே வகுத்திருக்க, சோம்பலும் சாவும் ஒட்டிக்கொண்ட அச்சொல்லை, சில நாட்களில் இருமடங்காகும் களைக்குச் சூட்டுவது நகைப்பிற்கிடமாகும். 'ஐந்தொகையம்' எனலாமே.

ஐயா,

மூன்றாமவராய் நானும் இடைபுகுகிறேன். இங்கு ஐந்தொகை என்றதும், அது சொத்தும் கடனும் காட்டும் கணக்கறிக்கையின் பெயராதலால், மாணவர்கள் கணக்கீட்டுப் பாடத்தைத்தான் திறப்பார்கள். இரண்டு, மூன்று தொகுதிகள் உள்ளவற்றைக் குறிக்கும் இருமடியமும் மும்மடியமும் வகுப்பறையில் வேரூன்றிவிட்டன. அவற்றைப் பிடுங்க வேண்டாம். எனக்கு இடறுவது 'மலடு'. வேலியோரத்துக் களையான பாத்தீனியம் 34 நிறமூர்த்தங்களைப் பதினேழு சோடிகளாக்கி ஆயிரக்கணக்கில் விதை தருகிறது, ஆகவே பரவுகிறது என்று சொல்லிக்கொடுத்த பிள்ளையிடம், அடுத்த பக்கத்தில் மலடும் பரவுகிறது என்றால், அது நம்மைத்தான் ஐயுறும். இழந்தது வித்தியாக்கமே, பெருக்கமன்று. எனவே 'வித்திவளமற்ற ஐம்மடியம்' என்க.

அன்பர்களே,

அச்சகம் காத்திருப்பதால் 'வித்திவளமற்ற ஐம்மடியம்' என்றே கொடுக்கிறேன். வித்தியின்றி உடற்துண்டுகளாலேயே பெருகுவதைக் குறிக்க 'பதியமுறையில் பெருகும்' என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறேன். எங்கள் தோட்டக்காரர் பதியம் வைப்பது மண்ணிலேயன்றி நீரிலன்று என்று யாரேனும் எழுதுமுன் நானே ஒப்புக்கொள்கிறேன்.

ரீச்சர் அவர்களுக்கு,

வளமற்றது மண்ணாகும், வித்தியன்று. 'விளையாவித்தி ஐம்மடியம்' என்பதில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ('விளையாத' என்பது ஈறு கெட்டு 'விளையா' ஆவது) எத்துணை இயல்பாய் அமைகிறது! என் மறுப்பு நிற்கட்டும். மடியைப் பற்றி ஞாயிறன்று விரிவாக எழுதுவேன்.