படிவயலுக்குக் கல்வரப்பா, செடிவேலியா?

லயத்துப் பையன் (சுங்கை சிப்புட், மலேசியா):
எங்கள் தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கும் நேப்பாளத்து அண்ணன் ஊர்ப்படம் காட்டினார். மலைச்சரிவு முழுக்கப் படிவயல்; பாதியில் புதர் மண்டிக் கிடக்கிறது. இடிந்த வரப்பை எடுத்துக் கட்ட ஆளில்லையாம், இளவட்டமெல்லாம் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிறதாம். உதவ வருகிறவர்கள் முதலில் கல்வரப்பைக் கட்டிக் கொடுக்கட்டும். ஒரு படி சரிந்தால் கீழ்ப்படியையும் இழுத்துக்கொண்டு போகும்.

செம்பனை மேடு:
தம்பி, ஆளில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். கட்டிய வரப்பை அடுத்த மழைக்குப் பிறகு யார் பார்ப்பது? பிலிப்பைன்ஸின் மிண்டானாவ் மலையில் 1970களில் வேறு வழி கண்டார்கள். மூன்று கம்பை முக்கோணமாகக் கட்டி, உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிட்டுச் சரிவில் மட்டக்கோடு பார்ப்பார்கள். அந்தக் கோட்டில் சவுண்டல் என்ற தழைமரத்தை இரட்டை வரிசையாக நெருக்கி விதைப்பார்கள். நான்கைந்து மீட்டர் தள்ளி அடுத்தது. இடையில் மக்காச்சோளம், காப்பி. மழை இழுத்துவரும் மண் வேலியில் தங்கித் தங்கி, சில வருடங்களில் தானே படியாகும். கழிக்கும் தழை உரம்.

லயத்துப் பையன்:
சரி அண்ணே, 1980களில் ஒரு பூச்சி வந்து அந்தச் சவுண்டலையே மொட்டையாக்கியதே? அப்புறம், நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். செடிவேலி அதைத் தேக்காது. அதே பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் நெற்படிகள் 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறி, 2001இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போயின. பழுது பார்த்து 2012இல் மீட்டார்கள்.

பால்மரத்து அக்கா:
மேட்டுத் துண்டில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவள் நான். அங்கே படியை உட்பக்கம் சாய்த்துத்தான் வெட்டியிருப்பார்கள். தண்ணீர் வெளிவிளிம்பில் வழியாமல் உள்ளேயே ஊறும். அந்தச் சாய்வு தப்பினால் கல்லும் நிற்காது. சரி, ஆண்கள் இங்கே காவல் நின்றால் அங்கே மண்வெட்டி பிடிப்பது யார்? நேப்பாள மலையில் மக்காச்சோளத்துக்கு நடுவே கேழ்வரகு நாற்று நட்டுக் களையெடுப்பது பெரும்பாலும் பெண்கள்தான். அவர்கள் முதுகு தாங்குமா என்று இருவரும் கேட்கவே இல்லையே! கிழக்கு நேப்பாளத்தில் உத்திஸ் மர நிழலில் பெரிய ஏலக்காய் வைக்கிறார்கள். வருடா வருடம் உழவேண்டாம், காசும் வரும்.

செம்பனை மேடு:
அக்கா, ஏலத்தில் சிர்க்கே, பூர்க்கே என்று இரண்டு வைரஸ் நோய். வந்தால் தோட்டமே போகும். ஒரே பயிரை நம்பி நாம் படாததா? ரப்பர் விலை விழுந்தபோது செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மாறினார்கள், எங்களைத் தோட்ட வரிசை வீடான லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள்.

லயத்துப் பையன்:
இன்று அந்த அண்ணனிடம் கேட்டேன். வயலைப் பார்ப்பது அவர் மனைவியும் அம்மாவும்தானாம். புதர் மண்டியது வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் ஏறிப்போகும் மேல்படிகள். கீழே நெற்படிக்குக் கல்வரப்பு வேண்டும் என்பதை நான் இன்னும் விடவில்லை. மேலே ஏலத்துக்கு ஈரம் போதுமா என்று வீட்டுக்குப் பேசும்போது கேட்கச் சொல்லியிருக்கிறேன்.