பழைய .303 டிக் எண்டு மட்டும் அடிச்சுது: ரவையில பிழையில்ல

பழைய துவக்கு வெடிக்கேல்ல எண்டோடன எங்கட ஆக்கள் முதல் சொல்றது ரவை பழுது, பெட்டிய மாத்து எண்டுதான், அப்பிடி மாத்தி மாத்தியே காசை விட்ட ஆக்களைப் பாத்திட்டன், அதாலதான் இதை எழுதுறன்.

மாமாட்ட இருக்கிறது லீ-என்ஃபீல்ட் .303, முன்பக்க மரத்தை வெட்டி வேட்டைத் துவக்காக்கினது. அவரிண்ட அப்பா தோட்டத்தில வேலை செய்த காலத்துச் சாமான். வருசா வருசம் லைசன்ஸ் புதுப்பிச்சு, வெள்ளவத்தைக் கடற்காத்துக்குப் பயந்து பயந்து வச்சிருக்கிறார். வேட்டை எண்டு ஆரும் போறேல்ல, ரேஞ்சில பேப்பருக்கு அடிக்கிறதோட சரி.

அண்டைக்கு டிரிகரை இழுத்தா டிக் எண்டு சத்தம் மட்டும். பக்கத்தில நிண்ட பெடியன் உடன போல்டை (ரவை இருக்கிற அறையைப் பின்னால பூட்டுற உருளையை) திறக்கப் போனான், மாமா "கையை எடடா" எண்டு போட்ட சத்தத்தில எல்லாரும் திரும்பிப் பாத்தினம். அவர் கத்தினது நூறு வீதம் சரி. சில ரவை சுணங்கி வெடிக்கும், அந்த நேரம் போல்ட் திறந்திருந்தா முகத்துக்குத்தான் வரும். குழல் டார்கெட் பக்கமே பாத்தபடி குறைஞ்சது 30 செக்கன் பொறுக்கோணும்.

பிறகு எடுத்த ரவையின்ட அடியைப் பாருங்கோ. கேப்பில (அடி நடுவில நெருப்புப் பிடிக்கிற சின்ன மூடியில) ஆழமாக் குழி விழுந்தும் வெடிக்கேல்லயெண்டா ரவையைச் சந்தேகப்படலாம். எங்கடதில நகத்துக்கு மட்டும் தட்டுப்படுற சின்னப் பள்ளம், ஒழுங்கா வெடிச்ச ரவையின்ட வெறுங்கோதைப் பக்கத்தில வச்சுப் பாக்க வித்தியாசம் பளிச்செண்டு தெரிஞ்சுது. கேப்பில குத்துற ஊசி, அதான் ஃபயரிங் பின், வந்து அடிக்குது, ஆனா பலமில்ல.

பின்னைத் தள்ளுற ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பின்னின்ட நுனி தேஞ்சிருக்கலாம், ஆனா எதையும் வாங்க முதல் போல்டுக்குள்ள பாக்கோணும். துவக்குத் திருத்திறவர் போல்ட் தலையைக் கழட்டிப்போட்டு, பின்னைக் கழட்டவெண்டே இருக்கிற நீளமான டூலை உள்ள விட்டுத் திருப்பி எடுத்தார் (அது இல்லாம குறட்டால முயற்சி செய்யாதேங்கோ, புரி போயிடும்). ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில காய்ஞ்ச ஒயில் பலாப்பால் மாதிரி மண்ணிறமா ஒட்டிப் பிடிச்சுக் கிடந்தது. துருப் பிடிக்கக்கூடாதெண்டு காலம் காலமா ஊத்தின ஒயில்தான், கொழும்புப் புழுக்கத்தில தூசியும் சேர்ந்து இறுகிப்போச்சு. மண்ணெண்ணெயில ஊறவச்சு, பிரஷால தேய்ச்சு, காயத் துடைச்சு, துணியில தொட்ட ஒயிலை மட்டும் மெல்லிசாப் பூசினார்.

திரும்பப் பூட்டேக்க ஃபயரிங் பின் வெளிய நீட்டுற அளவையும் அளந்தார். அந்தத் துவக்குக்குச் சொன்ன அளவுக்குள்ள நிக்கோணும், குறைஞ்சா திரும்பவும் டிக்தான், கூடினா கேப்பையே துளைச்சிடும். போல்ட் தலையை வேற துவக்கின்டதோட மாத்தியும் போடாதேங்கோ, நம்பர் 4 மொடலில தலைக்கு 0 தொடக்கம் 3 வரை நம்பர் போட்டிருக்கிறதே ரவைக்குப் பின்னால இருக்கிற இடைவெளியைச் சரிப்படுத்தத்தான்.

அதே ஸ்பிரிங், அதே பெட்டி ரவை, இப்ப ஒழுங்கா வெடிக்குது. துப்பரவாக்கின பிறகும் பள்ளம் சின்னனாவே விழுந்தா அப்ப ஸ்பிரிங்கை மாத்துங்கோ. திருத்தக் குடுக்கேக்க வெடிச்ச கோது ஒண்டு, வெடிக்காததின்ட அடியை எடுத்த ஃபோட்டோ ஒண்டு கொண்டு போங்கோ, வெடிக்காத ரவையை வீட்டுக்குக் கொண்டு வராம ரேஞ்ச் பொறுப்பாளரிட்டயே குடுத்திடுங்கோ.