பழைய மில்லுக்குக் கோப்பு அனுப்பிய அனுபவமும், ஆஃப்செட்டில் தப்பித்த 18 மில்லிமீட்டரும்

மூன்று நாள் முட்டி மோதிய பிறகு, நான்காம் நாள் காலையில் என் புரோகிராம் அந்தப் பச்சைத் திரையில் ஏறி நின்றது. அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்பதை, இதே வேலையைத் தொடங்கப்போகும் யாருக்காவது உதவட்டும் என்று முழுமையாக எழுதுகிறேன்.

இயந்திரம் ஒரு பழைய செங்குத்து மில்; புரோகிராமைப் படித்து, சுழலும் வெட்டுக்கருவியால் (டூல்) உலோகத்தைச் செதுக்கும். அதை இயக்கும் மின்னணு மூளையான கண்ட்ரோல், ஃபானுக் 0எம். ஸ்லைடுகளில் தேய்மானம் இல்லை, ஸ்பிண்டில் சத்தமில்லாமல் சுழல்கிறது. இப்படிப்பட்ட இயந்திரத்தைக் கோப்பு அனுப்ப வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஓரம் கட்டுவது பாவம் என்பது என் உறுதியான எண்ணம். யூஎஸ்பி இல்லை, நெட்வொர்க் இல்லை. பக்கவாட்டில் 25 பின் கொண்ட ஆர்எஸ்-232 (பழைய சீரியல் தரவு இணைப்பு) சாக்கெட் ஒன்று இருக்கிறது. அது போதும்.

ஆயத்தமாகக் கிடைத்த ஒரு கேபிளை மாட்டியதும் அலாரம் 086 வந்தது. எதிர்ப்பக்கம் தயாராக இருக்கிறது என்ற சிக்னல் வரவில்லை என்பது அதன் பொருள். கண்ட்ரோல் அந்தச் சிக்னலுக்காகக் காத்திருக்கிறது; என் கேபிளில் அதற்கான கம்பியே இல்லை. இதற்குத் தீர்வு கண்ட்ரோலை அதன் சிக்னலாலேயே சமாதானப்படுத்துவதுதான். இயந்திரப் பக்கத்து 25 பின் கனெக்டருக்குள் 4ஐயும் 5ஐயும் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். 6, 8, 20 மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதன்பின் கணினிக்குப் போக வேண்டியவை மூன்றே கம்பிகள்: அனுப்ப ஒன்று, பெற ஒன்று, கிரவுண்ட் ஒன்று.

அந்த மூன்றில்தான் ஒன்றரை நாள் போயிற்று. யாரைக் கேட்டாலும் “2ஐ 3க்கும், 3ஐ 2க்கும் குறுக்காகப் போடு” என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு கனெக்டராக இருந்தால் அது சரி. ஆனால் 25 பின் கனெக்டரில் அனுப்பும் பின் 2. கணினியின் 9 பின் கனெக்டரில் பெறும் பின்தான் 2. அதாவது குறுக்கு ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. 25க்கும் 9க்கும் இடையே 2ஐ 2க்கும், 3ஐ 3க்கும் நேராகத்தான் கொடுக்க வேண்டும். கிரவுண்ட் மட்டும் 7இலிருந்து 5க்குப் போகும். நான் குறுக்காகப் போட்டுவிட்டு, பாராமீட்டரில் (கண்ட்ரோலின் உள் அமைப்பு மதிப்புகளில்) கோளாறு தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வழி காட்டியது ஒரு மல்டிமீட்டர். கேபிளைக் கழற்றிவிட்டு, கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையை 2, 3 என்று மாற்றி மாற்றியும் வைத்தேன். தரவு எதுவும் போகாத நேரத்தில் அனுப்பும் பின் எதிர்மறை மின்னழுத்தம் காட்டும். எனக்கு மைனஸ் 9 வோல்ட் அளவில் வந்தது. பெறும் பின் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. இயந்திரத்தில் ஒரு முறை, கணினியில் ஒரு முறை, மொத்தம் இரண்டு நிமிட வேலை. முதல் நாளே இதைச் செய்திருந்தால் எந்த வரைபடத்தையும் நம்ப வேண்டியிருந்திருக்காது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பேப்பர் டேப் கருவிகளுக்கு மின்சாரம் கொடுப்பதற்காக, இந்தக் கண்ட்ரோல்களின் 25ஆம் பின்னில் 24 வோல்ட் வருகிறது. எல்லாப் பின்களும் ஒன்றுக்கொன்று இணைக்கப்பட்ட முழுக் கேபிளை மாட்டினால் கணினியின் போர்ட் கருகிப்போகலாம். தேவையான கம்பிகளை மட்டும் நாமே பற்றவைப்பது பாதுகாப்பு. மாட்டுவதும் கழற்றுவதும் இரண்டு பக்கமும் மின்சாரத்தை நிறுத்திய பிறகே.

தரவு வேகம் நொடிக்கு 4800 பிட், ஏழு டேட்டா பிட், ஈவன் பாரிட்டி (பிழை காட்டும் பிட்), இரண்டு ஸ்டாப் பிட், மென்பொருள் வழி நிறுத்தக் கட்டுப்பாடு. இரண்டு பக்கமும் இதையே வைத்தேன்.

இங்கே என் கருத்து ஒன்று. கேபிள் தயாரானதும் எல்லோருக்கும் கை பரபரக்கும், உடனே புரோகிராமை அனுப்பிப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து அனுப்பாதீர்கள். முதலில் இயந்திரத்திடமிருந்து வாங்குங்கள். எடிட் நிலையில் பாராமீட்டர் திரையைத் திறந்து, அவுட்புட் கொடுத்து, அத்தனை பாராமீட்டரையும் கணினியில் சேமியுங்கள். அச்சுகளை நகர்த்தும் பந்து திருகின் பிட்ச் பிழைத் திருத்தம் முதல் ஹோம் நிலை (அச்சுகளின் மூல இடம்) வரை எல்லாம் அந்த நினைவகத்தில் இருக்கிறது. அந்த நினைவகமோ மூன்று டி வகை பேட்டரிகளின் தயவில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்த நாளில் இயந்திரம் தன்னையே மறந்துவிடும். பேட்டரியை மாற்றும்போது கண்ட்ரோல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வாங்கிப் பார்ப்பதில் இன்னொரு லாபம், வந்த எழுத்துகள் படிக்கும்படி இருந்தால் கேபிளும் பாரிட்டியும் சரி என்பது அங்கேயே தெரிந்துவிடும்; கந்தலாக வந்தால் பிட், பாரிட்டி பக்கம் பாருங்கள்.

அனுப்பும்போது இயந்திரத்தைத்தான் முதலில் காத்திருக்க வைக்க வேண்டும். திரையின் கீழே எல்எஸ்கே என்று மினுக்கத் தொடங்கிய பிறகே கணினியில் அனுப்புக என்று அழுத்த வேண்டும். கோப்பின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் % குறி இருக்க வேண்டும். புரோகிராம் எண்ணின் முன்னால் வருவது ‘ஓ’ என்ற எழுத்து, பூஜ்யம் அல்ல.

இனி டூல் ஆஃப்செட், அதாவது ஒவ்வொரு டூலின் நீளத்துக்கும் ஏற்பக் கண்ட்ரோலில் பதியும் மதிப்பு. கேபிள் தகராறு நேரத்தைத் தின்றது. இது டூலையும் ஜாபையும் (வெட்டப்படும் பொருளையும்) தின்றிருக்கும்.

நான் நீளம் எடுக்கும் முறை எளியது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள டவல் பின்னை (துல்லியமான உருளைக் கம்பியை) ஜாபின் மேல்பரப்பில் படுக்க வைத்து, அதன் பக்கத்தில் டூலை 10 மில்லிமீட்டருக்குக் கீழே இறக்குவேன். பிறகு கைச்சக்கரத்தை 0.01 நிலையில் வைத்து, ஒவ்வொரு கோடாக மேலே ஏற்றிக்கொண்டே பின்னை விரலால் உருட்டிப் பார்ப்பேன். டூலின் முனைக்கு அடியில் பின் முதன்முறையாக நுழைந்து போகும் இடம்தான் சரியான 10. பின்னின் மேல் டூலை இறக்கி அழுத்துவதைவிட இது நல்லது. கார்பைடு முனை சிதறாது. அன்று நான்காம் டூலுக்கு மெஷின் நிலை இசட் (மேல்-கீழ் அச்சு) மைனஸ் 302.450 காட்டியது. பின்னின் 10ஐச் சேர்த்து, நான்காம் டூலின் நீள ஆஃப்செட்டான எச்04இல் மைனஸ் 312.450 என்று பதிந்தேன். பதியும்போது புள்ளி முக்கியம். புள்ளி வைக்காமல் 312 என்று அடித்தால், இந்தக் கண்ட்ரோல் அதை 0.312 என்று எடுத்துக்கொள்ளும்.

இந்த முறையில் ஜி54இன் (ஜாபின் பூஜ்யப் புள்ளி எங்கே என்று சொல்லும் ஆஃப்செட்டின்) இசட் மதிப்பு பூஜ்யமாக இருந்தாக வேண்டும். ஏனென்றால் ஹோமிலிருந்து ஜாப் வரையிலான முழுத் தூரமும் எச் மதிப்பிலேயே அடங்கிவிட்டது. இன்னொரு முறையும் உண்டு. டூலின் உண்மையான நீளத்தை நேர்மறை எண்ணாக எச்சில் வைத்து, ஜாபின் உயரத்தை ஜி54இல் வைப்பார்கள். இரண்டும் சரியான முறைகளே, இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து.

எனக்கு முன்பு அதே இயந்திரத்தில் வேலை செய்தவர் ஜி54 இசட்டில் மைனஸ் 18.200 என்று ஏதோ ஒரு காரணத்துக்காக வைத்திருந்தார். நான் எக்ஸ், ஒய் இரண்டையும் மாற்றினேன், இசட் வரியைப் பார்க்கவில்லை.

காப்பாற்றியது ஒரு பழக்கம். புதிய ஆஃப்செட்டுடன் முதல் முறை ஓட்டும்போது சிங்கிள் பிளாக் (ஒரு நேரத்தில் ஒரு வரி) போட்டு, ரேபிட் (வெட்டாமல் விரைந்து நகரும்) வேகத்தைக் குறைத்து, நீள ஆஃப்செட்டைச் சேர்க்கும் ஜி43 வரியில் டூல் இறங்கும்போது பாதியில் ஃபீட் ஹோல்ட் (நகர்வை நிறுத்தும் பொத்தான்) அழுத்துவேன். திரையில் மீதித் தூரம் காட்டும் பக்கத்தைத் திறப்பேன். ஸ்டீல் ஸ்கேலை ஜாபின் மேல் நிறுத்தி, டூல் முனை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பேன். அன்று ஸ்கேலில் கிட்டத்தட்ட 70. மீதித் தூரம் 38. கழித்தால் 32. புரோகிராமோ இசட் 50இல் நிற்கச் சொல்கிறது. எங்கோ 18 மில்லிமீட்டர் தவறு! ஸ்கேலைப் பிடித்திருந்த கை நடுங்கியது நினைவிருக்கிறது. அப்படியே விட்டிருந்தால், அரை மில்லிமீட்டர் ஆழம் வெட்ட வேண்டிய 12 மில்லிமீட்டர் எண்ட் மில் ஜாபுக்குள் 18 மில்லிமீட்டர் கூடுதலாக ரேபிடிலேயே புகுந்திருக்கும்.

உங்களில் யாருக்காவது இதே போன்ற பழைய கண்ட்ரோலில் வேறு அனுபவம் இருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, யூஎஸ்பி மாற்றி வழியாக அனுப்பும்போது நீளமான கோப்புகளில் எனக்கு நடுவில் அலாரம் 087 வருகிறது. அதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

மறுமொழி

087 என்றால் இயந்திரத்தின் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) நிரம்பி வழிகிறது என்று பொருள். கண்ட்ரோல் “நிறுத்து” என்று குறியீடு அனுப்புகிறது. உங்கள் மாற்றியோ தன் பஃபரில் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. எங்களிடமும் இதே கதைதான். கணினியில் அந்த போர்ட்டின் அமைப்புக்குள் போய், அனுப்பும் பஃபரின் அளவை மிகக் குறைந்ததாக வைத்தோம், நின்றுவிட்டது. அப்படியும் நிற்காவிட்டால் வேறு மாற்றி பாருங்கள், எல்லா மாற்றிகளும் நிறுத்தக் குறியீட்டை ஒரே மாதிரி மதிப்பதில்லை.

மோல்டு வேலை செய்பவர்களுக்கு ஒரு கணக்கு. பழைய நினைவகத்தைப் பேப்பர் டேப்பின் மீட்டரில் சொல்வார்கள்; 80 மீட்டர் என்றால் சுமார் 32 கிலோபைட். முப்பரிமாணப் பரப்புக்கான புரோகிராம் அதில் அடங்காது, அனுப்பிக்கொண்டே வெட்ட வேண்டும். 4800 வேகத்தில் ஒரு எழுத்துக்கு 11 பிட்; ஆகவே நொடிக்குச் சுமார் 436 எழுத்து. ஒரு வரிக்கு 20 எழுத்து என்றால் நொடிக்கு 21, 22 வரி. ஒவ்வொரு வரியும் 0.1 மில்லிமீட்டர் நகர்வு என்றால் நிமிடத்துக்கு 130 மில்லிமீட்டருக்கு மேல் டூலால் போகவே முடியாது. நாங்கள் நிமிடத்துக்கு 800 மில்லிமீட்டர் ஃபீட் (வெட்டும்போது நகரும் வேகம்) கொடுத்துவிட்டு, டூல் ஏன் திக்கித் திக்கிப் போகிறது, பரப்பில் ஏன் புள்ளி புள்ளியாகத் தழும்பு விழுகிறது என்று ஸ்பிண்டில் பேரிங்கைச் சந்தேகப்பட்டோம். வரி எண்களையும் இடைவெளிகளையும் நீக்கி, வேகத்தை 9600 ஆக்கி, பரப்பு அனுமதிக்கும் இடத்தில் டாலரன்ஸைத் (அனுமதிக்கும் விலகலை) தளர்த்தி வரிகளின் நீளத்தைக் கூட்டிய பிறகு தழும்பு மறைந்தது.

மறுமொழி

ஜி54 பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. இந்த வயதுடைய கண்ட்ரோல்கள் பலவற்றில் ஆஃப்செட் பட்டியல் ஒன்றே ஒன்றுதான்; நீளத்துக்குத் தனி, ஆரத்துக்குத் தனி என்று இரண்டு பத்தி இருக்காது. எச்04 (நீளம்) என்றாலும் டி04 (ஆரம்) என்றாலும் அதே நான்காம் வரியைத்தான் படிக்கும். புதிய இயந்திரத்துக்கு எழுதிய புரோகிராமை அப்படியே கொண்டுவந்தேன். அதில் நான்காம் டூலுக்கு எச்04, டி04. கட்டர் ஆரத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் ஜி41 வரி வந்ததும் கட்டர் ஆரம் மைனஸ் முந்நூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர் என்று கண்ட்ரோல் எடுத்துக்கொண்டது. டேபிள் நான் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர்த் திசையில் புறப்பட்டுப் போய் எல்லையில் அலாரத்துடன் நின்றது. டூலை ஜாபுக்கு மேலே 50 மில்லிமீட்டர் தூக்கி வைத்து வெறும் காற்றில் ஓட்டிப் பார்த்ததால் எதுவும் உடையவில்லை.

எங்கள் இயந்திரத்தில் 16 டூல், 32 ஆஃப்செட் வரிகள். அன்றிலிருந்து டி எண் எப்போதும் டூல் எண்ணுடன் 16 கூட்டியது. நான்காம் டூலின் ஆரம் 20ஆம் வரியில். கணினியில் புரோகிராமை உருவாக்கித் தரும் போஸ்ட் பிராசஸரிலேயே அந்தக் கூட்டலைச் சேர்த்துவிட்டோம், ஆளின் ஞாபகத்தை நம்பவில்லை.

முதலில் எழுதியவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பஃபர் அளவைக் குறைத்ததும் 087 வரவில்லை. இன்று மதியம் 28 கிலோபைட் கோப்பு ஒன்று நடுவில் நிற்காமல் ஏறியது.

டி எண் விஷயம் எனக்குத் தெரியாது. என் பட்டியலும் ஒரே பத்திதான் என்று இப்போது போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கணினியில் இருந்த புரோகிராம்களைத் திறந்து தேடினேன். இரண்டில் டி எண்ணும் எச் எண்ணும் ஒன்றாகவே இருந்தன, அவற்றில் ஒன்று நாளைக் காலை முதல் வேலையாக ஓட வேண்டியது. இரண்டையும் திருத்திவிட்டேன். மின்பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் கேபிளின் பின் இணைப்பு, 4800க்கான அமைப்பு, “இங்கே எச் எதிர்மறை, ஜி54 இசட் பூஜ்யம்” என்று எழுதி ஒட்டியிருந்தேன். அதன் கீழே டி எண்ணுக்கான வரியையும் இப்போது சேர்த்திருக்கிறேன்.