ஆன்லைன் ஆய்வுகளில் கலந்துகொண்டு கைச்செலவுக்குச் சம்பாதிப்பது: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தம்பி, "சர்வே எழுதினால் நிஜமாகவே காசு வருமா, இல்லை ஏமாற்று வேலையா" என்று கேட்டிருந்தீர்கள். வரும். பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் ஆய்வு செய்கிறவர்களுக்கு ஆட்கள் தேவைப்படுகிறார்கள், கொடுக்கும் நேரத்துக்குப் பணம் தருகிறார்கள். ஆனால் இவர்களோடு உங்களை இணைக்கும் ஆய்வுத் தளங்களில் கணக்குத் திறப்பதற்கு முன்னால் உங்கள் விசாவை எடுத்துப் பாருங்கள். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் விசாவைக் கடைசி வரியில்தான் தொடுகிறார்கள். நான் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்தத் தளங்கள் உங்களை ஊழியராக எடுப்பதில்லை. சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் இது சுயதொழில் வருமானமாகப் பார்க்கப்பட வாய்ப்பு அதிகம், சிக்கலே அங்குதான். பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக்கூடாது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம் என்கிற சலுகை சுயதொழிலுக்குச் செல்லாது. அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக்கூடாது. ஹெச்-1பி வேலை விசா என்றால் உங்களுக்காக மனுப் போட்ட நிறுவனத்துக்கு மட்டும்தான் உழைக்கலாம். ஹெச்-1பி விசாக்காரரோடு ஹெச்-4 விசாவில் வந்த கணவனுக்கோ மனைவிக்கோ வேலை அனுமதி அட்டை இல்லையென்றால் எந்த வேலையும் கூடாது. வீட்டில் சும்மாதானே இருக்கிறோம் என்று இதில் முதலில் இறங்குவது பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எப்போதோ ஒரு தடவை ஓர் ஆய்வில் கலந்துகொண்டு வாங்கும் சிறு தொகை 'வேலை' ஆகுமா என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. வாராவாரம் பணம் வந்து விழுகிற கணக்கை அப்படி வாதாடிக் காப்பாற்றுவது கஷ்டம். படிக்க வந்தவர் என்றால் உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தர வசிப்புரிமை இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, தாராளமாக ஆரம்பிக்கலாம்.

சரி, எங்கே சேர்வது? கல்வி ஆய்வுகளுக்கு நான் கைகாட்டுவது ப்ரொலிஃபிக் என்ற தளம். 2014இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. மணிக்கு 6 பவுண்டு அல்லது 8 டாலருக்குக் குறைவாக ஆய்வாளர்கள் கொடுக்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்ன இணைய வேலைகளுக்குக் காசு தரும் அமேசானின் மெக்கானிக்கல் டர்க் அதைவிடப் பழையது, 2005இலிருந்து இருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே வேலை செய்கிறவர்களின் இடைநிலை வருமானம் மணிக்கு சுமார் 2 டாலர்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. வேலை தேடி அலையும் நேரம், பாதியில் கைவிட்ட வேலைகள் எல்லாவற்றையும் சேர்த்தால் நிலவரம் அப்படித்தான். எந்தத் தளமானாலும் இந்தக் கணக்கை நீங்களும் போடுங்கள். "10 நிமிடம்" என்று போட்டிருக்கும் ஆய்வு 25 நிமிடம் இழுத்தால், மணிக்கு எவ்வளவு என்பது பாதிக்கும் கீழே போய்விடும்.

யூசர் இன்டர்வியூஸ், ரெஸ்பாண்டன்ட் என்ற தளங்கள் இரண்டும் வேறு ரகம். நிறுவனங்கள் தங்கள் செயலியைப் பற்றியோ சேவையைப் பற்றியோ உங்களிடம் வீடியோ அழைப்பில் பேசும். ஒரு தடவைக்குக் கிடைக்கும் தொகை பெரிது, தேர்வாவது அரிது. உங்கள் தொழில் என்ன என்பதை வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். செவிலியர், கணக்கர், மென்பொருள்காரர் எல்லாருக்கும் இங்கே வாய்ப்பு உண்டு. பேசக் கூச்சமில்லாதவர்களுக்கு நல்ல இடம்.

சேர்ந்ததும் உங்களைப் பற்றி ஒரு பெரிய கேள்விப் பட்டியல் வரும். சலிப்பாக இருக்கும், ஆனாலும் அவசரப்படாதீர்கள். எந்த ஆய்வு உங்கள் கண்ணில் படும் என்பதையே அந்தப் பதில்கள்தான் முடிவு செய்கின்றன. முக்கியமாக மொழிப் பகுதி. முதல் மொழி தமிழ் என்றே போடுங்கள். ஆங்கிலம் என்று போட்டால் அதிக ஆய்வு வரும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள், கேட்காதீர்கள். பொய் என்பது ஒரு பக்கம். இருமொழி பேசுகிறவர்கள், புலம்பெயர்ந்தவர்கள், எழுத்துமுறை மாறிப் படிப்பவர்கள் பற்றியெல்லாம் ஆய்வுகள் நடக்கின்றன, அவர்கள் தேடுகிற ஆள் நீங்கள்தான். அந்தப் பொய் மற்றவர் ஆய்வையும் கெடுக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் எவ்வளவு வேகமாகப் படிக்கிறார்கள் என்று அளக்கும் இடத்தில் உங்கள் வேகம் போய்க் கலந்துவிடும்.

ஒரு ஆய்வு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதலில் ஒப்புதல் பக்கம். எந்தப் பல்கலைக்கழகம், யார் நடத்துகிறார்கள், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, உங்கள் தகவலை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று அங்கே இருக்க வேண்டும். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றும் இருக்கும். அது உங்கள் உரிமை. மனதுக்கு ஒவ்வாத படமோ கேள்வியோ வந்தால் தயங்காமல் விலகுங்கள்.

அப்புறம் கேள்விகள். கட்டம் கட்டமாக "முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை. நடுவில் ஒரு வரி மட்டும் "இந்த வரியில் 'ஓரளவு மறுக்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று இருக்கும். கவனமாகப் படிக்கிறீர்களா என்று சோதிக்கும் வரி அது. அதில் கோட்டைவிட்டால் பதில்களை நிராகரிக்கலாம், பணமும் வராது. கடைசிப் பக்கத்தில் ஒரு குறியீடு தருவார்கள். அதை நகலெடுத்துத் தளத்தில் ஒட்டிய பிறகே ஜன்னலை மூடுங்கள். நடுவில் தொழில்நுட்பக் கோளாறு வந்தால் திரையைப் படம் பிடித்து ஆய்வாளருக்குத் தளத்துக்குள்ளேயே செய்தி அனுப்புங்கள். ப்ரொலிஃபிக்கில், முடிக்க முடியாத ஆய்வைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் உங்கள் பெயருக்குக் கெடுதல் இல்லை. நிராகரிப்புகள் சேர்ந்தால்தான் கெடுதல்.

எழுத்துப் பதில்களைச் சாட்ஜிபிடியில் போட்டு எடுக்காதீர்கள். உங்கள் சொந்த நினைப்புக்குத்தான் காசு தருகிறார்கள். இலக்கணம் கொஞ்சம் பிசகினால் யாரும் நிராகரிப்பதில்லை. எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை மறைக்கும் வி.பி.என். போட்டுக்கொண்டு சேர்வது, இன்னொருவர் கணக்கை வாடகைக்கு வாங்குவது இரண்டும் கணக்கையே மூடவைக்கும்.

மோசடியைப் பொறுத்தவரை ஒரே விதி போதும்: சேர்வதற்குப் பணம் கேட்டால் அது ஆய்வு இல்லை. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் தானாகத் தேடி வருகிற 'எளிய வேலை' எல்லாம் இந்த வகைதான். முதலில் சில்லறை போட்டு நம்பவைத்துவிட்டு, பிறகு உங்களையே பணம் கட்டச் சொல்வார்கள். உண்மையான தளங்களும் அடையாள அட்டையைப் படம் பிடிக்கச் சொல்வது உண்டு, ஆனால் அது கணக்குச் சரிபார்ப்பின்போது தளத்துக்குள்ளேயே நடக்கும். ஓர் ஆய்வுக்குள் கடவுச்சீட்டு எண்ணோ வங்கிக் கடவுச்சொல்லோ கேட்டால் உடனே புகார் கொடுங்கள்.

இதை நம்பி வாடகையைக் கணக்குப் போடாதீர்கள். ஒரு வாரம் ஆய்வுகள் வரிசையில் வரும், அடுத்த வாரம் ஒன்றுகூட வராது. வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டிய காலை நேரத்தை இதற்குக் கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான் எனக்கு உண்மையிலேயே உள்ள கவலை.

இந்தப் பணத்துக்கு வரி உண்டா என்று கேட்ட அக்காவுக்கு: சிறிய தொகை என்றாலும் தேதி, தளம், தொகை மூன்றையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். பிரிட்டனில் சில்லறைச் சுயதொழில் வருமானத்துக்கு வரியாண்டுக்கு 1,000 பவுண்டு வரை விலக்கு உண்டு. அமெரிக்காவில், தளம் வரிப் படிவம் அனுப்பாவிட்டாலும் வருமானத்தைக் காட்டத்தான் வேண்டும். வரிச் சட்டப்படி வெளிநாட்டவராக இருப்பவருக்கு அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஆய்வுத் தொகையில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவதும் உண்டு. குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம், பிடித்ததற்குத் தரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

தளங்கள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் பேபால் என்ற இணையப் பணச் சேவை பற்றியும், ஊரில் திறந்த கணக்கே போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய நாட்டில் திறந்த பேபால் கணக்கில் நாட்டை மாற்ற முடியாது. வந்த நாட்டின் முகவரியும் வங்கிக் கணக்கும் கொடுத்துப் புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டில் பெயரும் தகப்பனார் பெயரும் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, ஆய்வுத் தளம், பேபால், வங்கி மூன்றிலும் அதே வரிசையில் போடுங்கள்.